யாருக்கும் மச்சான் இல்லாதவர்

ஆலம்புலம் மக்கள் ஒன்றியம் – கனடா என்று பெயர் வைத்திருந்தாலும், அந்தச் சங்கத்தார் ஒன்றுபட்டு நின்ற நாள் ஒன்றைக் காட்டச் சொன்னால் செயலாளர் நவரட்ணம் தன் கூட்டக் குறிப்புக் கொப்பிகள் பதினேழையும் புரட்டிவிட்டுத் தலையைச் சொறிவார். ஊரை விட்டு வந்து முப்பது வருடமாகியும் ஆலம்புலம் வடக்கு வடக்காகத்தான் இருக்கிறது, தெற்கு தெற்காகத்தான் இருக்கிறது. வடக்கார் ஸ்ரௌவ்வில் பக்கம் வீடு வாங்கினார்கள். அதைக் கேள்விப்பட்ட தெற்கார் விட்பிக்குப் போய் அதைவிட ஓர் அறை கூடிய வீடாக வாங்கினார்கள். இரண்டுக்கும் பொதுவாக யூனியன்வில்லில் கிடந்தவர் நவரட்ணம். செயலாளர் பதவி அவருக்கு வந்தது அந்த விலாசத்தினால்தான், திறமையினால் அல்ல.

அறுபத்தாறு வயதில் அவருக்கு இருந்த ஒரே குணம் எதற்கும் "ஓமோம்" சொல்வது. இரண்டு பேர் எதிரெதிராகப் பேசினால் இரண்டு தரம் "ஓமோம்" என்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருடைய போன் அடிப்பதே அந்தப் பதவியால்தான். அது போனால் தன்னை யாரும் தேடமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு உண்மையாகவே இருந்தது.

ஒன்றியம் வருடத்தில் செய்கிற ஒரே காரியம் ஆவணி மாதத்து ஒன்றுகூடல். மார்க்கம் பூங்கா ஒன்றில் கூழ் காய்ச்சி, தேசிக்காய்க் கரண்டி ஓட்டம், தேங்காய் துருவுதல், சங்கீதக் கதிரை என்று வைத்து, கடைசியில் வடக்கும் தெற்கும் கயிறிழுக்கும். கயிறு அறுந்த வருடங்களைவிட உறவு அறுந்த வருடங்கள் கூட. ஒரு வருடம், இவர் மன்னார்க்காரர், நமக்குச் சம்பந்தமில்லாதவர் என்று நம்பி ஒன்றியத்தின் அறிவிப்பாளர் அகஸ்ரினை நடுவராக நிறுத்தினார்கள். பாதி இழுவையில் யாரோ ஒருவருக்கு அகஸ்ரினின் மனைவியின் அண்ணி வடக்கில் கலியாணம் செய்தவர் என்பது நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான். அடுத்த இரண்டு வருடமும் ஒரே பூங்காவில், ஒரே நாளில், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு ஒன்றுகூடல் நடந்தது. அடுத்த பக்கத்துக் கூழில் உப்புக் காணாது என்று மணத்தை வைத்தே தீர்ப்புச் சொன்னார்கள்.

அப்போதுதான் நவரட்ணத்தின் மனைவி குணவதி அந்த யோசனையைச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, உங்கட சனத்துக்கு நடுவர் வேணுமெண்டால் ஆருக்கும் மச்சான் இல்லாத ஒரு ஆளாய்ப் பிடிக்கோணும். அப்பிடியொரு மனுசன் எங்கட பக்கத்து வீட்டிலை சும்மா இருக்கிறார்."

பக்கத்து வீட்டில் இருந்தவர் சோல் பேர்ல்மன். யூதர். நாற்பது வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு தனியாக இருந்தார். நவரட்ணத்துக்கு இருதய சத்திரசிகிச்சை நடந்த மாரியில், கேட்காமலே வந்து இரண்டு வீட்டுப் பனியையும் அள்ளிப் போட்டவர். அவர் ஒன்றுகூடலுக்கு ஒரு விசில், ஓர் அளவு நாடா, தானே எழுதிய இரண்டு பக்கச் சட்டங்கள் ஆகியவற்றோடு வந்து இறங்கினார். கயிற்றை அளந்து சரி நடுவில் சிவப்புத் துணி கட்டினார். துருவிய தேங்காய்ச் சிரட்டைகளை வெயிலில் பிடித்து வெள்ளை மிச்சமிருக்கிறதா என்று பார்த்தார். சங்கீதக் கதிரையில், ஆட்களைப் பார்த்தால் அல்லவா பக்கம் சாய வரும் என்று, கதிரைகளுக்கு முதுகைக் காட்டி நின்று பாட்டை நிறுத்தினார். அவர் விசில் அடித்தால் வடக்கும் வாயை மூடியது, தெற்கும் மூடியது. நண்டும் இறாலும் அவர் சாப்பிடமாட்டார் என்பதால் குணவதி அவருக்கென்று தனிப் பானையில் சைவக் கூழ் காய்ச்சினாள். பதினொரு வருடம் ஆலம்புலத்தில் சமாதானம் நிலவியது.

இந்த வருடம் சித்திரையில் யாரோ பேர்ல்மன் யூதர் வழக்கப்படி கதவு நிலையில் பொருத்தியிருந்த சின்னப் பிரார்த்தனைப் பெட்டியைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்துவிட்டு, கராஜ் கதவில் வாயால் சொல்லக் கூசுகிற சில வார்த்தைகளை எழுதிவிட்டுப் போனார்கள். நவரட்ணம்தான் ஏணியைப் பிடித்தார். பேர்ல்மன் மேலே நின்று பெயின்ற் பூசிக்கொண்டு, "ஆறு சொல், மூன்று எழுத்துப் பிழை. நம் பாடசாலைகளுக்கு என்ன நடந்தது நவா?" என்றார். நவரட்ணம் சிரித்தார். கீழே இறங்கிய கிழவர் பெயின்ற் வாளியை மூடாமலே உள்ளே போய்க் கதவைப் பூட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை பின்னேரம் ஒன்றியத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. அந்தக் குழுவில் இருநூற்றுப் பதினான்கு இலக்கங்கள். அதில் மூன்று இறந்துபோனவர்களுடையவை. குழுவிலிருந்து ஒருவரை எடுத்தால் அவர் வீட்டார் கோபிப்பார்கள் என்று செத்தவர்களைக்கூட யாரும் எடுப்பதில்லை. வீடியோவை அனுப்பியவர் வடக்கைச் சேர்ந்த தலைவர் ஸ்ரீதரன். உலகத்து வங்கியும் மருந்தும் பத்திரிகையும் யுத்தமும் யூதர்களின் கையில், எல்லாவற்றையும் அவர்கள் பின்னால் நின்று நடத்துகிறார்கள் என்று ஏழு நிமிடம் ஒரு கரகரத்த குரல் மூச்சுவிடாமல் சொன்னது. கீழே ஸ்ரீதரன் எழுதியிருந்தார்: "கட்டாயம் பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். எங்கள் ஒன்றியத்தையும் ஒருக்கால் யோசித்துப் பாருங்கள். சங்கீதக் கதிரையில் பின்னால் நின்று பாட்டை நிற்பாட்டுவது யார்?"

ஸ்ரீதரனுக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்ததென்று ஊருக்கே தெரியும். போன வருடம் தேங்காய் துருவலில் அவருடைய மனைவி நிலாணிக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. சிரட்டையில் வெள்ளை மிச்சம் என்று பேர்ல்மன் தீர்த்தார். ஸ்ரௌவ்வில்லில் நாலு அறை வீட்டுக்காரிக்கு மூன்றாம் இடமா என்று அன்றைக்கே ஸ்ரீதரன் முறுகியவர். ஒரு சிரட்டைத் தேங்காய்க்காக உலகச் சதியைக் கண்டுபிடித்த மனிதரை வேறு எந்த ஊரிலும் காண முடியாது.

நவரட்ணம் வீடியோவைப் பார்த்தார். "இது பொய்" என்று தட்டினார். அழித்தார். "தலைவர் அவர்களே, இது சரியல்ல என்பது என் தாழ்மையான" என்று தட்டினார். தாழ்மை போதுமா என்று யோசித்தார். அழித்தார். அதற்குள் குழுவில் கும்பிடு கைப் படங்கள் வரத் தொடங்கிவிட்டன. ஆலம்புலத்தார் எது வந்தாலும் கும்பிடுவார்கள். பிறந்தநாளுக்கும் கும்பிடு, சாவீட்டுக்கும் கும்பிடு, பால் விலை கூடியதற்கும் கும்பிடு. பாதிப் பேர் வீடியோவைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். எல்லாரும் கும்பிடும்போது செயலாளர் சும்மா இருந்தால் தலைவர் என்ன நினைப்பார்? நவரட்ணமும் ஒரு கும்பிடு போட்டார். போட்டுவிட்டு, போனைக் குப்புற வைத்துவிட்டு, தேத்தண்ணி கேட்டார்.

அடுத்த ஞாயிறு ஸ்ரீதரன் வீட்டு பேஸ்மென்றில் நிர்வாகசபை கூடியது.

"இனி நடுவருக்கு வெளியாள் வேண்டாம்," என்றார் ஸ்ரீதரன். "எங்கட விளையாட்டை நாங்களே நடத்துவம். அஞ்சு பேர் நடுவர் குழு. வடக்கிலை ரெண்டு, தெற்கிலை ரெண்டு, நடுவிலை அகஸ்ரின்."

"அண்ணை, என்னாலைதானே அண்டைக்குப் பிரச்சினை வந்தது?" என்று அகஸ்ரின் கையைத் தூக்கினார்.

"அந்த அண்ணி இப்ப டிவோர்ஸ் எடுத்திட்டா. நீர் இப்ப பொது ஆள்."

சபைக்கு வைத்த பற்றிஸ் பலகாரம் சூடாக இருந்தது, எல்லாருடைய வாய்க்கும் வேறு வேலை இருந்தது. "நவம் அண்ணை, நீங்கள்தானே அயல். அவருக்குச் சொல்லிவிடுங்கோ," என்று ஸ்ரீதரன் முடித்தார்.

"ஓமோம்," என்றார் நவரட்ணம்.

இதை எப்படிச் சொல்வது? ஒரு தட்டில் வடையோடு பேர்ல்மனின் கதவைத் தட்டினார். கதவு நிலையில் புதுப் பெட்டி, முன்னையதைவிட நீளமான ஆணிகளோடு. அதைப் பார்த்ததும் வழியெல்லாம் அடுக்கி வந்த வசனங்கள் கலைந்து போயின.

"சோல், இந்த முறை ஒன்றுகூடல் தள்ளிப் போடுகிறோம்," என்றார் ஆங்கிலத்தில்.

"ஏன்?"

"மழை வருமாம்."

"இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே?"

"பெரிய மழையாம்."

பேர்ல்மன் வெளியே எட்டி வானத்தைப் பார்த்தார். பிறகு வடைத் தட்டை வாங்கிக்கொண்டு, "நல்லது. குணாவுக்கு நன்றி சொல்," என்று கதவைச் சாத்தினார். ஆள் நம்பிவிட்டார் என்று நவரட்ணம் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்தார்.

குணவதி நம்பவில்லை. நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, "கும்பிட்டனீங்களோ?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவர் தலையைக் குனிந்தார். அதோடு மூன்று கிழமை பேச்சு நின்றது. நேரத்துக்குத் தேத்தண்ணி வரும், சாப்பாடு வரும். சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தத்தில் சொன்னாள். ஒன்றுகூடலன்று காலையில் மட்டும் வாய் திறந்தாள்.

"நான் வரேல்லை. மழையெண்டால் எனக்குத் தடிமன் பிடிக்கும்."

வெளியே வெயில் கொளுத்தியது. கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரு முகில் இல்லை. நவரட்ணம் காரை எடுக்கும்போது பேர்ல்மன் தன் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நவரட்ணம் கையைக் காட்டவும் முடியாமல் காட்டாமல் விடவும் முடியாமல், கண்ணாடித் துடைப்பானைப் போட்டுவிட்டார். காய்ந்த கண்ணாடியில் அது கீறிச்சிட்டது.

பூங்காவில் ஐந்து நடுவர்களும் ஐந்து விசில்களோடு நின்றார்கள். முதல் போட்டி ஐந்து வயதுக்குட்பட்டோர் ஓட்டம். ஐந்து நடுவர்களும் ஐந்து முதலிடங்களை அறிவித்தார்கள். ஓடியது நாலு பிள்ளைகள். தேசிக்காய்க் கரண்டி ஓட்டத்தில் ஒருவரின் தேசிக்காய் விழுந்ததா குனிந்ததா என்று அரை மணித்தியாலம் விசாரணை நடந்தது. சாட்சிக்கு வந்தவர்கள் ஊரில் நடந்த ஒரு வேலிச் சண்டையை எடுத்தார்கள். தேங்காய் துருவலுக்குத் தலைவரே நின்று நேரம் பார்த்தார். நிலாணிக்கு முதலிடம் என்று அவர் கையை உயர்த்தியபோது, நிலாணி இன்னும் துருவிக்கொண்டிருந்தாள்.

சங்கீதக் கதிரையோடு எல்லாம் குலைந்தது. பாட்டை நிறுத்தும் பொறுப்பையும் ஸ்ரீதரனே எடுத்தார். வடக்குப் பெண் கதிரைக்கு முன்னால் வரும்போதெல்லாம் பாட்டு நின்றது. தெற்குப் பெண்கள் கதிரைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் பக்கம் வைத்தார்கள். வடக்கார் கூழ் அகப்பையை எடுத்தார்கள். ஐந்து விசிலும் ஒன்றாக ஊதின. பக்கத்தில் சுற்றுலா வந்த சீனக் குடும்பம் ஒன்று பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது.

ஸ்ரீதரன் அகஸ்ரினிடமிருந்து மைக்கைப் பறித்தார். "பார்த்தியளே! இதெல்லாம் ஆரின்ரை வேலை? அந்தக் கிழவன் பதினொரு வருசமாய் எங்களைப் பழக்கி வைச்சிருக்கிறான்!"

"ஆள் இங்கை இல்லையே அண்ணை," என்றார் அகஸ்ரின்.

"அதுதானே சொல்லுறன்! இல்லாமல் இருந்துகொண்டே நடத்துறான்!"

அந்த நேரம் பார்த்து மைதானம் முழுக்க ஒரே நேரத்தில் போன்கள் சிணுங்கின. ஒன்றியத்துக் குழுவில் ஒரு செய்தி. ஆங்கிலத்தில் இருந்தது. வழக்கமாக அறிவித்தல்களை மைக்கில் வாசிக்கிறவர் அகஸ்ரின். ஏதோ வாழ்த்து என்று நினைத்து மைக்கைத் திருப்பி வாங்கித் தமிழாக்கி வாசிக்கத் தொடங்கினார். இடையில் எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் முடிவுவரை வாசித்தார்.

"ஆலம்புலம் மக்களுக்கு. பதினொரு வருடமாக இந்தக் குழுவில் இருக்கிறேன். உங்கள் பிறந்தநாள்களையும் மரண அறிவித்தல்களையும் போனில் மொழிபெயர்த்து வாசித்து வந்திருக்கிறேன். சில இறப்புகளுக்கு அழுதும் இருக்கிறேன். போன மாதம் வந்த வீடியோவையும் பார்த்தேன். உலகத்தை நான் நடத்தவில்லை. நடத்தியிருந்தால், நவரட்ணம் சொன்ன மழையை இன்று பெய்ய வைத்திருப்பேன். அறுபத்து மூன்று பேர் அந்த வீடியோவைக் கும்பிட்டிருக்கிறீர்கள். எண்ணினேன். வணக்கம். சோல் பேர்ல்மன்."

அதற்குக் கீழே, அந்தக் குழுவில் அதுவரை எவரும் பார்த்திராத ஒரு வரி இருந்தது. அவர் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.

முதல் வருடம் இடமும் நேரமும் தெரியட்டும் என்று அவரைக் குழுவில் சேர்த்தது நவரட்ணம்தான். சேர்த்துவிட்டு மறந்துபோனார். எல்லாரும் மறந்துபோனார்கள். செத்தவர்களை வைத்திருக்கும் குழுவில், உயிரோடு ஒருவர் உட்கார்ந்து தங்களை வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று யார் நினைத்தார்கள்?

"அதுதான் பாருங்கோ! உளவு பாத்திருக்கிறான்!" என்றார் ஸ்ரீதரன். ஆனால் குரலில் பாதி இறங்கியிருந்தது.

நவரட்ணத்துக்குக் காது இரண்டும் எரிந்தன. இருநூறு பேர் தன்னையும் வானத்தையும் மாறி மாறிப் பார்ப்பது தெரிந்தது. காரில் ஏறிப் போய்விடலாம். கூழ் வரிசையில் மறைந்து நிற்கலாம். அறுபத்தாறு வருடமும் அப்படித்தான் தப்பியவர். ஆனால் அன்று கால் அவரைக் கேட்காமலே நடந்தது. அகஸ்ரினின் கையிலிருந்து மைக்கை வாங்கினார். மைக் பிடித்துப் பழக்கமில்லாததால் முதல் இரண்டு வசனமும் மைக்கின் வாலுக்குள் போயின. யாரோ திருப்பிக் கொடுத்தார்கள்.

"மழை எண்டு சொன்னது நான். பொய் சொன்னனான். அந்த வீடியோவும் பொய். அது செய்தியில்லை, யூதச் சனத்திலை உள்ள வெறுப்பு. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும் கும்பிட்டனான்."

"நவம் அண்ணை, மைக்கைத் தாங்கோ," என்றார் ஸ்ரீதரன்.

"கலவரத்துக்கு முந்தின வருசம், எண்பத்திரண்டிலை, நான் கொழும்பிலை கிளாக்கர். எங்கட கந்தோர் வாசல்லை ஒரு நோட்டீஸ் குடுத்தவங்கள். கடையெல்லாம் தமிழன்ரை, கம்பஸெல்லாம் தமிழன்ரை, பின்னாலை நிண்டு நாட்டை நடத்துறது தமிழன் எண்டு. என்னோடை வேலை செய்த ஒரு நல்ல சிங்கள மனுசன் அதை வாசிச்சுப்போட்டு, என்னைப் பாத்தார். பிறகு மடிச்சுப் பொக்கற்றுக்குள்ளை வைச்சார். ஒண்டும் சொல்லேல்லை. நோட்டீஸ் தந்தவன்ரை முகம் எனக்கு ஞாபகமில்லை. மடிச்சு வைச்சவரின்ரை முகம் இண்டைக்கும் கண்ணுக்கை நிக்குது." அவர் மைக்கை மற்றக் கைக்கு மாற்றினார். "போன மாசம் நான் அந்த மனுசன் மாதிரித்தான் செய்தனான். நீங்களும்தான். அவரிட்டை மன்னிப்புக் கேக்கோணும். தலைவர் அந்த வீடியோவை எடுக்கோணும்."

"எடுக்கமாட்டன்! வேணுமெண்டால் நீங்கள் செயலாளர் பதவியை விட்டிட்டுப் போங்கோ!"

"ஓமோம்," என்றார் நவரட்ணம்.

அவர் வாழ்க்கையில் எத்தனையோ ஆயிரம் தரம் சொன்ன சொல்தான். ஆனால் இந்த முறை அதைச் சொல்லிவிட்டு, பதினேழாவது கொப்பியைத் திறந்து, "செயலாளர் பதவி விலகினார்" என்று தானே குறிப்பெழுதி, நேரம் போட்டு, கொப்பியை அகஸ்ரினின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பேர் கைதட்டினார்கள். ஒருவர் "மனுசனுக்கு விசர் பிடிச்சிட்டுது" என்றார். மற்றவர்கள் தாங்கள் போட்ட கும்பிடைத் தங்கள் போன்களில் தேடிப் பார்த்தார்கள்.

பேர்ல்மன் இன்னும் வாசலில்தான் இருந்தார். நவரட்ணம் படியேறி வந்து நின்றார். வழியில் அடுக்கிய வசனங்கள் வழக்கம்போலக் கலைந்து போயின.

"நான் பயந்துவிட்டேன், சோல்."

"தெரியும்," என்றார் பேர்ல்மன். "அந்த வீடியோ வந்தபோது போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நவரட்ணம் தட்டச்சு செய்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. பதினொரு நிமிடம். நல்லது, நவா ஏதோ சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். தண்ணீர் குடிக்கக்கூட எழும்பவில்லை. பிறகு உன்னுடைய கும்பிடு வந்தது."

நவரட்ணத்துக்குக் கண் நிறைந்தது. மன்னிப்பு என்ற சொல்கூட வாசலில் நின்று தயங்கியது.

அப்போது தெருவில் ஒரு வான் வந்து நின்றது. விட்பியில் இருக்கும் தெற்குக் குடும்பம் ஒன்று இறங்கியது. பின்னால் இன்னொரு கார். அகஸ்ரின் மனைவியோடு இறங்கினார். பிறகு வடக்கார் இரண்டு கார். பத்து நிமிடத்தில் பேர்ல்மன் வீட்டு முன்னால் கார் விடும் ட்றைவ்வே முழுக்க ஆலம்புலம். எல்லாருடைய முகத்திலும் சாவீட்டுக்கு வந்த களை. ஒருவர் கையில் வாழைப்பழச் சீப்பு. அழைப்பில்லாமல் வந்த வீட்டில் எப்படி மன்னிப்புக் கேட்பதென்று தெரியாததால், தெரிந்ததைச் செய்தார்கள். யார் முதலில் கேட்பதென்று சண்டை பிடித்தார்கள்.

"நாங்கள் வந்து பத்து நிமிசம். தெற்குத்தான் முதல்!"

"வீடியோவை அனுப்பினது வடக்குத் தலைவர். அப்ப முதல் மன்னிப்பு எங்கடை!"

பேர்ல்மன் எழுந்தார். விசில் அவரிடம் இல்லை. இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினார். ட்றைவ்வே அடங்கியது.

"ஒரே வரிசை," என்றார். "வடக்கும் இல்லை, தெற்கும் இல்லை. ஒவ்வொருவராக வாருங்கள். என்ன செய்தீர்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். சும்மா கும்பிட்டால் கணக்கில் சேராது. மன்னிப்பேன் என்று நான் வாக்குத் தரவில்லை. கேட்பேன்."

வரிசை உருவானது. முன்னால் நின்ற நவரட்ணத்தைப் பார்த்து அவர் தலையை அசைத்தார்.

"நீ அங்கே இல்லை. இவர்களில் பாதிப் பேருக்கு என் பெயரே சரியாகத் தெரியாது. உனக்கு என்னைத் தெரியும். ஏணியைப் பிடித்தவன் நீ. வரிசையின் கடைசிக்குப் போ."

"ஓம், சோல்," என்று நவரட்ணம் கடைசிக்குப் போனார்.

அவருக்கு முன்னால் நின்றவள் நிலாணி. ஸ்ரீதரன் தெருவோரம் நின்ற தங்கள் வானுக்குள் குளிரூட்டியைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். அவர் இறங்கவில்லை. நிலாணி திரும்பிப் பார்க்கவுமில்லை. "போன வருசம் சிரட்டையிலை வெள்ளை இருந்தது உண்மைதான் அண்ணை," என்று நவரட்ணத்திடம் மெல்லச் சொன்னாள். "எனக்கு அப்பவே தெரியும்."

இன்னொரு கார் வந்தது. இறங்கியவர்கள் வரிசையின் வால் எங்கே என்று தேடினார்கள். நவரட்ணம் விலகி அவர்களைத் தனக்கு முன்னால் விட்டார். கடைசி என்றால் கடைசிதான். அடுத்த காருக்கும் விலகினார். அதற்கடுத்ததற்கும் விலகினார். வரிசை ட்றைவ்வேயைத் தாண்டி நடைபாதைக்கு வந்து, நடைபாதையில் நகர்ந்து, நவரட்ணம் மெல்ல மெல்லப் பின்வாங்கித் தன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். வெயில் மொட்டந்தலையைச் சுட்டது. மூன்று கிழமையாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கியிருந்தது.

ஜன்னல் திறந்தது. மூன்று கிழமைக்குப் பிறகு குணவதியின் குரல் ஒழுங்கான குரலாக வந்தது.

"இஞ்சேருங்கோ, உள்ளுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போய் நில்லுங்கோவன்."

"வேண்டாமப்பா. இடம் போயிடும்."

"கடைசி இடத்தை ஆரப்பா வந்து பிடிக்கப் போயினம்?"

"சொல்லேலாது," என்றார் நவரட்ணம். தெரு முனையில் திரும்பிய இன்னொரு காருக்காக ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றார்.